ஊருக்கு ஊர் மாறும் அபாயக் குரல்!

"ஆள் வருது!" என்று குருவி சொல்கிறது. "புலி வருது!" என்று குரங்கு சொல்கிறது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் சொல்கின்றனவா?

காலை ஆறு மணி. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கோரைப் புல்லுக்கு நடுவே தண்ணீர் பளபளக்கிறது. நாமக்கோழிகள் நீந்துகின்றன. நெடுங்கால் உள்ளான்கள் சேற்றில் நின்று இரை தேடுகின்றன. நீலக்கோழிகள் கோரைத் தண்டை ஒடித்துத் தின்கின்றன. எல்லாம் அமைதியாக இருக்கிறது.

திடீரென்று ஒரு குரல்! "டிட்-டிட்-டீ! டிட்-டிட்-டீ!"

அவ்வளவுதான். உள்ளான்கள் கழுத்தை நிமிர்த்துகின்றன. நீலக்கோழிகள் புல்லுக்குள் ஓடி மறைகின்றன. நாமக்கோழிகள் கரையை விட்டு நடுத் தண்ணீருக்கு விரைகின்றன. கரையோரம் ஒரு நாய் வந்திருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியது ஒரு பறவை.

அந்தப் பறவையின் பெயர் ஆள்காட்டி. ஆட்காட்டி என்றும் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், நீண்ட மஞ்சள் கால், கறுப்பு மார்பு. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இதைப் பார்க்கலாம். ஆள் வந்தால் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் இந்தப் பெயர். ஒளிந்து வரும் வேட்டைக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது!

குரல் ஒன்று, பொருள் பல

ஆள்காட்டியின் குரல் மனிதர் காதுக்கு எப்படிக் கேட்கிறது? இது ஒரு வேடிக்கை.

"டிட் ஹி டூ இட்?" என்று வெள்ளைக்காரர் காதில் விழுந்தது. "அவனா செய்தான்?" என்று பறவை கேட்கிறதாம்! சமஸ்கிருதத்தில் இதற்குத் திட்டிபம் என்று பெயர். அதுவும் குரலிலிருந்து பிறந்த பெயர்தான். தமிழர்கள் குரலை விட்டுவிட்டு, பறவை செய்யும் வேலையைப் பார்த்து ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, கேட்பவர் காது ஊருக்கு ஊர் மாறுகிறது. சரி, பறவைகளும் மிருகங்களும் கத்தும் குரலே ஊருக்கு ஊர் மாறுமா?

மனிதரில் மாறுகிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "ஏலே, பாம்புலே!" என்பார் திருநெல்வேலிக்காரர். "ஐயோ, பாம்புங்க!" என்பார் கோயம்புத்தூர்க்காரர். "அய்யய்யே, பாம்புப்பா!" என்பார் சென்னைக்காரர். பாம்பு என்ற சொல் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

காட்டு உயிர்களுக்கும் இப்படி வட்டார வழக்கு உண்டா? இந்தக் கேள்வியை உலகமெங்கும் விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட விடை சுவையானது.

பருந்துக்கு ஒரு குரல், ஆந்தைக்கு ஒரு குரல்

முதலில் அபாயக் குரல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

உங்கள் வீட்டு மதில்மேல் பூனை நடந்தால் அணில் என்ன செய்கிறது? மரத்தில் ஏறி, வாலை வெட்டி வெட்டி ஆட்டி, விடாமல் கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் தவிட்டுக்குருவிகளும் சேர்ந்து கொள்கின்றன. மைனாவும் வந்து விடுகிறது. "உன்னைப் பார்த்து விட்டோம். இனி உன் திருட்டு இங்கே நடக்காது" என்று பூனைக்குச் சொல்வது போல இருக்கிறது.

அதே நேரத்தில் வானத்தில் பருந்து வந்தால் பல சிறு பறவைகள் இப்படிக் கத்துவதில்லை. மெல்லிய, கூர்மையான ஒரு "சீ" என்ற ஒலியோடு நிறுத்திக் கொள்கின்றன.

ஏன் இந்த வித்தியாசம்? 1955-ம் ஆண்டில் இங்கிலாந்துப் பறவைகளை ஆராய்ந்த பீட்டர் மார்லர் என்ற விஞ்ஞானி இதற்கு விளக்கம் சொன்னார். மெல்லிய "சீ" ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஆகவே கத்திய குருவி பருந்திடம் அகப்படாது. கரகரவென்று விட்டு விட்டு வரும் ஒலியோ எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும் ஆந்தையையோ பூனையையோ விரட்ட ஆள் சேர்க்க வேண்டுமல்லவா? அதற்கு அந்த ஒலிதான் ஏற்றது.

இன்னொரு விந்தை. வெவ்வேறு ஜாதிப் பறவைகளின் "சீ" ஒலி ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது! பாட்டு வேறு வேறு. அபாயக் குரல் மட்டும் ஒன்று.

மூன்று எதிரி, மூன்று சொல்

குரங்குகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் அம்போசெலி என்ற இடம் இருக்கிறது. அங்கே வெர்வெட் என்ற குரங்குகள் வாழ்கின்றன. சிறுத்தை வந்தால் ஒரு குரல், கழுகு வந்தால் வேறு குரல், பாம்பு வந்தால் இன்னொரு குரல் என்று அவை கத்துவதை 1967-ல் தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் எழுதினார்.

ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி என்ற கணவன்-மனைவி விஞ்ஞானிகளும் பீட்டர் மார்லரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குரல்களை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். எதிரி யாரும் இல்லாத நேரத்தில் புதருக்குள் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, ஒவ்வொரு குரலாகப் போட்டுக் காட்டினார்கள்.

சிறுத்தைக் குரல் கேட்டதும் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக் குரல் கேட்டதும் வானத்தைப் பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரல் கேட்டதும் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லுக்குள் தேடின! 1980-ல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது.

குட்டிகள் செய்த கூத்தைக் கேட்க வேண்டுமே! சாதுவான பறவை பறந்தாலும் "கழுகு!" என்றன. மரத்திலிருந்து இலை விழுந்தாலும் "கழுகு!" என்றன. வளர வளரத்தான் எது உண்மையான கழுகு என்று கற்றுக் கொண்டன. "பூச்சாண்டி" என்று எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படும் குழந்தையைப் போலத்தான்!

இங்கே குரல் பிறவியிலேயே வந்திருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் பழக்கத்தில் வருகிறது.

"க்ராக்" என்றால் என்ன?

இனி வட்டார வழக்குக்கு வருவோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பெல் குரங்கு என்று ஒரு ஜாதி உண்டு. இது "க்ராக்" என்று கத்தும், "ஹோக்" என்றும் கத்தும்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் என்ற காட்டில் சிறுத்தைகளும் உண்டு, கழுகுகளும் உண்டு. அங்கே "க்ராக்" என்றால் சிறுத்தை. "ஹோக்" என்றால் பெரும்பாலும் கழுகு.

பக்கத்தில் சியரா லியோன் நாட்டில் டிவாய் என்று ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. அங்கேயும் அதே ஜாதிக் குரங்கு. ஆனால் பல ஆண்டுகளாக அங்கே சிறுத்தை இல்லை. அங்குள்ள குரங்குகள் "க்ராக்" என்ற சொல்லை மறந்து விட்டனவா? இல்லை! "ஏதோ ஆபத்து" என்ற பொதுவான பொருளில் அதைப் பயன்படுத்துகின்றன. கழுகைக் கண்டாலும் "க்ராக்" என்கின்றன.

சொல் ஒன்று, பொருள் இரண்டு. 2014-ல் பிலிப் ஷ்லெங்கரும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் இதை விளக்கி எழுதினார்கள். குரங்குகளின் வட்டார வழக்கு என்று இது பேசப்பட்டது.

மனிதர் பாஷையிலும் இப்படி நடப்பதுண்டு அல்லவா? ஒரே சொல்லுக்கு மதுரையில் ஒரு பொருள், நாகர்கோவிலில் வேறு பொருள்!

தரையில் ஒரு அணில் ஊர்

குரலே மாறிய கதையும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் புல்வெளி நாய் என்று ஒரு பிராணி இருக்கிறது. பெயர்தான் நாய். உண்மையில் அது அணில் வகை. தரையில் வளை தோண்டி, நூற்றுக்கணக்கில் ஊர் போலக் கூடி வாழும்.

பேராசிரியர் கான் ஸ்லோபோட்சிக்காஃப் இவற்றின் அபாயக் குரல்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார். ஒரே ஜாதிதான். ஆனால் ஒரு ஊர்க் கூட்டத்தின் குரலும் அடுத்த ஊர்க் கூட்டத்தின் குரலும் சிறிது வேறுபடுகின்றன என்று 1980-ல் அவர் எழுதினார். கருவியில் பதிந்து, கோடுகளாக வரைந்து பார்த்தால்தான் இது தெரியும்.

மனிதனுக்கு ஒரு குரல், பருந்துக்கு ஒரு குரல், ஓநாய் போன்ற கொயோட்டிக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல். அது மட்டுமா? மஞ்சள் சட்டை போட்டவர் வந்தால் ஒரு விதம், நீலச் சட்டை போட்டவர் வந்தால் வேறு விதம் என்று 2009-ல் அவரும் அவரது தோழர்களும் கண்டார்கள்!

குரல் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? நிலத்தின் தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வெட்டவெளியில் ஒலி ஒரு மாதிரி போகும். புதர் அடர்ந்த இடத்தில் வேறு மாதிரி போகும்.

கடல் கடந்த காகக் குரல்

காகத்திடமும் இந்தச் சோதனை நடந்தது. 1950-களில் அமெரிக்க விஞ்ஞானி ஹியூபர்ட் ஃபிரிங்ஸும் அவர் மனைவியும், பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு ஒலிநாடாக்களை மாற்றிக் கொண்டார்கள். இந்த நாட்டுக் காகத்தின் குரலை அந்த நாட்டுக் காகத்துக்குப் போட்டார்கள்.

அமெரிக்கக் காகத்தின் அபாயக் குரலைப் பிரெஞ்சுக் காகங்கள் சட்டை செய்யவில்லை! இரண்டும் வேறு வேறு ஜாதி என்பதும் உண்மைதான். ஆனால் அமெரிக்காவிலேயே, பல இடங்களுக்குப் போய்ப் பலவகைக் காகங்களோடு பழகியவை அயல்நாட்டுக் குரலையும் பொருட்படுத்தின. தன் ஊரோடு நின்றவை பொருட்படுத்தவில்லை. நாலு ஊர் பார்த்தவருக்கு நாலு பாஷை புரியும் என்பது காகத்துக்கும் பொருந்துகிறது!

காது கற்றுக் கொள்கிறது

அப்படியானால் மாறுவது வாயா, காதா?

2019-ல் ஒரு நல்ல விடை கிடைத்தது. ஜூலியா ஃபிஷர் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் குழுவினர் செனகல் நாட்டில் பச்சைக் குரங்குகளுக்கு மேலே டிரோன் என்ற சிறு பறக்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அந்தக் குரங்குகள் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. உடனே கத்தின. எப்படி? தொலைதூரத்துக் கென்யாவில் வெர்வெட் குரங்குகள் கழுகைக் கண்டு கத்துமே, ஏறக்குறைய அப்படியே! இந்த இரண்டு இனங்களும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை.

பிறகு டிரோனின் ஓசையை மட்டும் போட்டுக் காட்டினார்கள். குரங்குகள் வானத்தை அண்ணாந்து பார்த்தன. புதிய ஓசையின் பொருளை அவ்வளவு சீக்கிரம் கற்றுக் கொண்டு விட்டன.

ஆகக் குரங்கின் வாய் அவ்வளவாக மாறுவதில்லை. காது மட்டும் புதிது புதிதாகக் கற்கிறது.

ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துக்கு அருகே ஒரு சின்னஞ்சிறு நீலக் குருவி உண்டு. அங்கே நாய்சி மைனர் என்ற இரைச்சல்காரப் பறவையும் உண்டு. இரண்டும் சேர்ந்து வாழும் இடத்தில், இரைச்சல்காரப் பறவை அபாயக் குரல் கொடுத்தால் நீலக் குருவி ஓடி ஒளிகிறது. சற்றுத் தள்ளி, இரைச்சல்காரப் பறவை இல்லாத இடத்தில் வாழும் நீலக் குருவியோ அதே குரலைக் கேட்டும் பேசாமல் இருக்கிறது! ராபர்ட் மக்ராத் என்ற விஞ்ஞானி 2012-ல் இதை எழுதினார். அக்கம்பக்கத்தாரின் பாஷையை அங்கேயே வாழ்ந்தால்தான் கற்க முடியும்.

நம் காடுகளிலும் இது உண்டு. உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியக் காடுகளில் நம் நாட்டுக் குரங்குகளுக்கு மந்தியின் அபாயக் குரலையும் கடமானின் அபாயக் குரலையும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். குரங்குகள் புரிந்து கொண்டு ஓடின. 2000-ம் ஆண்டில் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் இந்தப் பாஷையை நன்றாக அறிந்தவர். மான் எங்கே கத்துகிறது, குரங்கு எங்கே கத்துகிறது என்று கேட்டே புலி போகும் வழியைத் தெரிந்து கொள்வார். காட்டில் வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதும் இதுதான்.

பொய் சொல்லும் கரிச்சான்!

பாஷை இருந்தால் பொய்யும் இருக்குமல்லவா?

ஆப்பிரிக்காவின் காலகாரிப் பாலைவனத்தில், நம் ஊர் இரட்டைவால் குருவியின் உறவினன் ஒன்று இருக்கிறது. அது உண்மையாகவே காவல் காக்கும். பருந்து வந்தால் குரல் கொடுக்கும். அதனால் மற்றவை அதை நம்பும். வேறு பிராணிக்குக் கொழுத்த புழு கிடைத்ததும் பொய்யாக அபாயக் குரல் கொடுக்கும்! அது புழுவைப் போட்டுவிட்டு ஓடும். கரிச்சான் இறங்கி எடுத்துக் கொள்ளும்.

ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நம்ப மாட்டார்களே? அதற்கும் வழி வைத்திருக்கிறது. ஏமாறுகிற பிராணியின் அபாயக் குரலையே அப்படியே நடித்துக் காட்டும். ஒரு குரல் பலிக்காவிட்டால் வேறு குரலுக்கு மாறும். டாம் ஃபிளவர் என்பவர் 2014-ல் இதை விவரித்தார். "புலி வருது" கதையில் வரும் சிறுவனுக்கு இந்தத் தந்திரம் தெரியாமல் போயிற்று!

இலங்கையில் சிங்கராஜா என்ற மழைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் மற்றப் பறவைகளின் அபாயக் குரலையும் வேட்டைப் பறவைகளின் குரலையும் அது பாவனை செய்கிறது என்று ஈபன் குட்டேலும் சரத் கொட்டகமவும் 2006-ல் எழுதினார்கள். அது பல பாஷை அறிந்த காவல்காரன்!

பேச்சு குறைந்த காகம்

பாஷை வளர்வது போலவே தேயவும் செய்யும். ஹவாய்த் தீவில் அலாலா என்று ஒரு காகம் உண்டு. காட்டில் அது குறைந்து குறைந்து, 2002-க்குப் பிறகு காட்டில் ஒன்று கூட இல்லை. கூண்டில் வளர்த்தவை மட்டும் மிஞ்சின.

கூண்டுக் காகங்களின் குரலை, முன்பு காட்டில் பதிவு செய்த பழைய குரல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. "இது என் இடம்" என்று எல்லை கூறும் குரலைக் கூண்டுக் காகங்களிடம் கேட்க முடியவில்லை. அபாயக் குரலும் குறைந்து போயிருந்தது. கூண்டில் எதிரி ஏது? எதிரி இல்லாத இடத்தில் யாரை எச்சரிப்பது?

2016-ல் சில காகங்களைக் காட்டில் விட்டார்கள். ஹவாய்ப் பருந்து அவற்றில் இரண்டைக் கொன்றுவிட்டது. பிறகு விஞ்ஞானிகள் ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார்கள்! பருந்தைக் காட்டி, கூடவே காகத்தின் அபாயக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு, "இது எதிரி" என்று பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். தாய் தகப்பன் சொல்லித் தந்திருக்க வேண்டிய பாடத்தை இயந்திரம் சொல்லித் தந்தது. அதன்பின் விட்ட காகங்களும் காட்டில் நிலைக்கவில்லை. மிஞ்சியவற்றை 2020-ல் திரும்பப் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

ஒரு முறை அறுந்த பாஷையை மீண்டும் ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது சாட்சி.

மீண்டும் பள்ளிக்கரணைக்கு

பள்ளிக்கரணையில் ஆள்காட்டி கத்தியதும் உள்ளானும் நீலக்கோழியும் ஓடின அல்லவா? அது அக்கம்பக்கத்துப் பழக்கம். எல்லாம் ஒரே தண்ணீரில் சேர்ந்து வாழ்ந்தால்தான் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குப் பயன்படும்.

அந்த அக்கம்பக்கம் சுருங்கி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் இது. சுற்றுப்புறத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் ஏரிகளின் வழியாக இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். பின்னர் கட்டிடங்கள் வந்தன. நடுவே சாலை வந்தது. நகரத்துக் குப்பையைப் பல ஆண்டுகள் இங்கே கொட்டினார்கள். நிலம் துண்டு துண்டாயிற்று.

நல்ல செய்தியும் உண்டு. 2007-ல் 317 ஹெக்டேர் நிலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 100-க்கு மேற்பட்ட பறவை வகைகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்தில் வெளியூர் விருந்தாளிகளும் வருகிறார்கள். வந்த இடத்தில் உள்ளூர்க் காவல்காரனின் குரலைத்தான் அவர்களும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் கூழாங்கல் வைத்து, நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட அந்த முட்டை, பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் கொளுத்தும்போது தாயும் தகப்பனும் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். பொரித்த குஞ்சுகள், அபாயக் குரல் கேட்ட உடனே தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். பெற்றோரின் குரல் அடங்கும் வரை எழுந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கரணைப் பக்கம் அழைத்துப் போகிறவர்கள், ஓர் ஓரமாக நின்று சத்தம் போடாமல் கவனித்தால் போதும். ஆள்காட்டி கத்தும்போது யார் யார் தலையைத் தூக்குகிறார்கள், யார் ஓடுகிறார்கள், யார் கவலைப்படாமல் மேய்கிறார்கள் என்று குழந்தைகளே எண்ணிச் சொல்வார்கள்.

ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலேயே வட்டமிட்டு வட்டமிட்டுக் கத்தினால், அங்கே நாயும் இல்லை, பருந்தும் இல்லை. அது காட்டிக் கொடுக்கும் ஆள் நீங்கள்தான்! காலடியில் எங்கேயோ முட்டை இருக்கிறது, அல்லது குஞ்சு படுத்திருக்கிறது என்று பொருள்.

வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடங்கள். கொஞ்ச தூரம் போனதும் குரல் அடங்கும். அப்போது நான்கு குஞ்சுகள் மண்ணிலிருந்து எழுந்து மறுபடி மேயத் தொடங்கும்.